புங்க மரத்துக்குப் பொன்னாடை

சென்னையில் மரங்கொத்தியைவிட மரநேசர்கள் அதிகம். அடையாறில் தெருவுக்கு ஒருவராவது உண்டு. கதர்ச் சட்டை, தோளில் துணிப்பை, பையின் மேல் மரத்தைப் பற்றி ஒரு வாசகம். எதிரே வந்தால் நிற்காதீர்கள், கையில் பெயின்ட் பிரஷ்ஷைக் கொடுத்துவிடுவார்.

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் விஜயராகவன். மரம்தான் நமது நுரையீரல் என்று அவர் ஆரம்பித்தால் கேட்பவருக்கு மூச்சு முட்டும். தெருமுனையில் ஒரு புங்க மரம், அதன் நிழலில் துணி தேய்க்கும் தங்கத்தின் இஸ்திரி வண்டி. மரம் சும்மா இருந்தது. அது அவருக்குப் பொறுக்குமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை 'மரமும் கலையும்' விழா வைத்தார். சிறப்பு விருந்தினர் செருப்பில் சேறு ஒட்டக்கூடாதென்று மரத்தடியை இறுக்கிச் சிமென்ட் பூசி, குழந்தைகளை விட்டு அடிமரம் முழுக்க எனாமல் பெயின்டில் ஒரு மரத்தை வரையவைத்து, 'மரத்தைக் காயப்படுத்தாதீர்' என்ற பலகையை நீள நீள ஆணிகளால் அதன் மார்பிலேயே அறைந்து, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, பொங்கல் தின்று கலைந்தார்கள். போட்டோவில் விழுகிறதென்று தங்கத்தின் வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். மரத்துக்கு ஒரு சொம்புத் தண்ணீர்? ஊற்றியிருந்தாலும் எந்த வழியாக இறங்கும்?

அடுத்த பங்குனியில் மரம் துளிர்க்கவில்லை. காய்ந்த மரம் ஆபத்தென்று ஆட்கள் வந்து வெட்டிப் போனார்கள். மேலே வெயில், கீழே கரிப்பெட்டி. இரண்டுக்கும் நடுவே தங்கம் வெந்தாள், பாதி தேய்த்த துணியோடு மயங்கியும் விழுந்தாள்.

விஜயராகவன் நிஜமாகவே அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மரம் நின்ற இடத்துக்குப் பின்னால் உள்ள மதில் சுவரில் அதே மரத்தைப் பச்சைப் பசேலென்று தீட்டி, திறப்பு விழாவுக்கு எல்லோரையும் கூப்பிட்டார். தங்கமும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சுவரோரம் நிறுத்தி, அண்ணாந்து பார்த்தாள்.

"எல நெறைய கீது சார். நெயலு எப்ப வரும்?"

கலையை அப்படியெல்லாம் பார்க்கக் கூடாதம்மா என்று அவர் பொறுமையாக விளக்கினார். கூட்டம் கை தட்டியது. தங்கத்துக்கில்லை, அவருக்கு.

நீங்கள் அந்த ரகமில்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு நடை போய் உங்கள் வாசல் மரத்தடியைப் பாருங்கள். மண் தெரிகிறதா, அல்லது கார் நிறுத்தத் தோதாக நீங்கள் பதித்த டைல்ஸா?