லின் அன்ரி வீட்டுத் தாத்தாவைக் கழுவிய கதை

சும்மா இருக்கத் தெரியாத ஆட்கள் அடுத்தவர் வீட்டில் போய்த் தங்கக் கூடாது. இதை நான் தைவானில் படித்தேன். போனது மாண்டரின் படிக்க. ஆனால் இதுதான் நன்றாக மண்டையில் ஏறியது.

பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, லண்டன் டூட்டிங்கில் ஒரு மரக்கறிக் கடையில் ஷிப்ட் செய்துகொண்டிருந்தவள் நான். அப்பா செத்து நான்கு மாதம். கடைக்கு வருகிறவர்கள் அப்பாவைப் பற்றிக் கேட்டால் வெண்டிக்காய் அடுக்கப் போய்விடுவேன். அப்போதுதான் எங்கள் இளைஞர் மன்றத்தின் இலவசப் பயணத்துக்கு ஓர் ஆள் குறைந்தது. தைவானில் ஆறு கிழமை, ஒரு குடும்பத்தோடு தங்கி மொழி படிப்பது. என்னைக் கேட்காமலே அம்மா என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

அங்கே என்னைத் தங்க வைத்த லின் அன்ரியின் வீடுதான், அப்பா போன பிறகு விடியும்வரை நான் நித்திரை கொண்ட முதல் வீடு. அங்கிருந்து என்னை அனுப்பிவிடக் கூடாது, அது ஒன்றுதான் எனக்குக் கவலை. நன்றி சொல்லலாம் என்றால், மூன்று கிழமையில் சேர்ந்த என் மாண்டரின் மழை, சோறு, பசியைத் தாண்டவில்லை. சரி, வேலை செய்து காட்டுவோம் என்று நினைத்தேன். (இங்கேதான் எல்லாம் கெட்டது.)

ஒரு வெள்ளிக்கிழமை அன்ரி சந்தைக்குப் போயிருந்தார். ஹாலில் சாமி மேசை. அதில் அன்ரியின் கணவர் அங்கிளுடைய அப்பாவின் படம், முன்னால் ஊதுபத்தி குத்தும் பித்தளைக் கிண்ணம். கிண்ணம் முட்டச் சாம்பல். பாவம், துப்புரவாக்க நேரமில்லைப் போல என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாமிப் பாத்திரம் மினுக்குவது நான்தான். சாம்பலை எடுத்துவிட்டு, சோப் போட்டு, தேசிக்காய் தேய்த்து, முகம் தெரியுமளவுக்கு மினுக்கினேன். அதற்கு முன், கையில் ஒட்டிய சாம்பலை வீணாக்காமல் நெற்றியில் மூன்று குறி இழுத்துக்கொண்டேன்.

அன்ரி வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். கையிலிருந்த பை விழுந்தது. போனில் மொழிபெயர்ப்பைத் தட்டி என் முன்னால் நீட்டினார்.

"தாத்தா எங்கே?"

அந்தச் சாம்பல் தாத்தா காலத்திலிருந்து சேர்ந்ததாம். வருஷத்தில் ஒரு நாள்தான் அதில் கை வைப்பார்களாம். அதை வெறுமையாக்கினால் தாத்தாவை வீட்டைவிட்டுத் துரத்தியது மாதிரியாம்.

நான் என் நெற்றியைத் தொட்டேன். "கொஞ்சம் இங்கே."

பிறகு அறைக்கு ஓடிப்போய் ஐஸ்கிரீம் டப்பாவைக் கொண்டுவந்தேன். "மிச்சம் இதில்." (தமிழர் வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் தவிர எல்லாம் இருக்கும்.)

ஏன் குப்பையில் போடவில்லை என்று கேட்டார். கால் படுகிற இடத்தில் போட்டால் அப்பா ஏசுவார் என்று போனில் தட்டிக் காட்டினேன். அப்பா லண்டனிலா என்று கேட்டார்.

"அப்பா இல்லை," என்று மாண்டரினிலேயே சொன்னேன்.

நழுவிப் போக அந்த மொழியில் எனக்குச் சொல் தெரியாது. அடுக்க வெண்டிக்காயும் இல்லை. ஐந்து மாதத்தில் அன்றுதான் முதல் தடவையாக அதைச் சொன்னேன்.

அன்ரி ஒரு சின்னத் தூரிகை எடுத்து, என் நெற்றியிலிருந்த தாத்தாவையும் மெல்லத் தட்டிக் கிண்ணத்தில் சேர்த்தார்.

பின்னேரம் அங்கிள் வந்து, பிறை வடிவில் இரண்டு மரத்துண்டுகளை எடுத்தார். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. தரையில் போட்டால் ஒன்று தட்டையும் ஒன்று வளைவுமாக விழ வேண்டும், அப்போதுதான் தாத்தா சம்மதம். இந்தப் பிள்ளை இங்கே இருக்கலாமா என்று கேட்டுப் போட்டார். இரண்டும் தட்டைப் பக்கம் மேலே பார்க்க விழுந்தன. தாத்தா மாட்டேன் என்கிறார் என்று நினைத்தேன்.

"தாத்தா சிரிக்கிறார், மறுபடி கேட்க வேண்டும்," என்றார் அங்கிள்.

மறுபடியும் போட்டார். மறுபடியும் சிரிப்பு. மூன்றாவது தடவைதான் சம்மதம் கிடைத்தது. அதுவரை அன்ரி பிடித்த பிடியில் என் கை இரத்தமில்லாமல் வெளுத்துப் போயிருந்தது.

அம்மாவுக்கு போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சிரிக்கத் தொடங்கினார். செத்தவீட்டுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை. "கொப்பர் இதைக் கேட்டிருக்க வேணுமடி," என்று அப்பாவை நினைத்துச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணியோடு இந்தக் கதையும் வரும். "இவள் சீனப் பாஷை படிக்கப் போய், அந்த வீட்டுக் கிழவனைச் சோப் போட்டுக் கழுவினவள்" என்று அம்மா தொடங்குவார். கதையில் அப்பா வரும் இடத்தில் நிறுத்தி என்னைப் பார்ப்பார். அதற்குப் பிறகு நான்தான் சொல்ல வேண்டும். சொல்கிறேன்.