பூட்டிய வீட்டுப் பாட்டு

சாகப் போகிறோம் என்று நினைத்துக் கணவனிடம் உண்மையைச் சொல்கிறவர்கள், சொன்ன பிறகு ஒழுங்காகச் செத்துவிட வேண்டும். நான் சாகவில்லை. அந்த ஒரு தவறுக்காக நாலு வருடமாகச் சொந்தக்காரர் முகத்தில் விழிக்க முடியாமல் திண்டுக்கல்லில் காலம் தள்ளுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். பேய், பிசாசு, முனி எல்லாம் மனப்பிரமை என்று இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். (அதற்குச் சம்பளமும் வாங்கியவள்.) எனக்கு ஐம்பது வயது நிறையப் பத்து நாள் இருந்தபோது அந்தப் பாடம் முழுவதும் மறந்துபோனது.

அது மே மாதம், பள்ளி விடுமுறை. பக்கத்து வீட்டு செலின் அக்கா, மகளின் பிரசவத்துக்காகத் திருப்பூர் போயிருந்தார். வாசலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. எங்கள் ஊர்ப் பூட்டு. சாவி இல்லாமல் எமன் வந்தாலும் திறக்காது.

முதல் நாள் வெள்ளிக்கிழமை. மணி சரியாகப் பன்னிரண்டு. உச்சி வெயிலில் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து முதலில் ‘டிங்’ என்று ஒரு சத்தம். பிறகு, யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பதுபோல ஓர் அமைதி. பிறகு பாட்டு.

அம்மன் பாட்டு. எனக்கு ஐந்து வயதிருக்கும்போது, பிறந்த ஊரில் மாரியம்மன் கோயில் வேப்பமரத்தில் குழாய் ரேடியோ கட்டி விடியற்காலையில் போடுவார்களே, அதே பாட்டு. அதற்கப்புறம் என் காதில் விழாத பாட்டு. அது ஒன்றுதான் பாடியது. முடிந்ததும் வீடு பழையபடி கிடந்தது.

அந்த வீட்டில் ஒரு பாட்டுப்பெட்டி இருப்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் அது என்னுடையது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள் யாழினி தீபாவளிக்கு வாங்கித் தந்த, பேர் சொல்லிக் கூப்பிட்டால் பாடுகிற உருண்டை ஸ்பீக்கர். எனக்கு அதன் குரலே பிடிக்கவில்லை. மகளுக்குத் தெரியாமல் செலின் அக்காவிடம் தள்ளிவிட்டேன். “நாம கூப்பிட்டாத்தான் பாடும் டீச்சர், இல்லேன்னா ஊமையாக் கெடக்கும்” என்று அக்கா அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்.

அதுதான் இடித்தது. கூப்பிட்டால்தான் பாடும் என்றால், உள்ளே இருந்து கூப்பிடுவது யார்?

அக்காவுக்குப் போன் போட்டேன். “அக்கா, வீட்டுல யாரையும் தங்க வச்சுட்டுப் போனீகளா?”

“யாரைத் தங்க வைக்க? எங்க வீட்டுக்காரரும் போய்ச் சேந்து ரெண்டு வருசமாச்சு. ஏன் டீச்சர், எதுவும் சத்தம் கேட்டுச்சா?”

“எலி” என்றேன். வேறு என்ன சொல்ல?

மறுநாள் உச்சியில் மறுபடி ‘டிங்’. பத்து வயதில் நானும் தங்கையும் கட்டிலில் ஏறி ஆடி, கட்டிலை உடைத்து, அப்பாவிடம் அடி வாங்கிய பாட்டு. ஞாயிற்றுக்கிழமை, பதினைந்து வயதில் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு கடையில் சீட்டில் எழுதிக் கொடுத்து கேசட்டில் பதிந்து வாங்கிய பாட்டு. திங்கட்கிழமை வந்ததைக் கேட்டு எழுந்து நின்றுவிட்டேன். கல்லூரிக்குப் போகும்போது ஒரே ஒரு தனியார் பஸ்ஸில்தான் அந்தப் பாட்டைப் போடுவார்கள். அதற்காகவே முன்னால் வரும் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நிற்பேன். இது என் தங்கையைத் தவிர யாருக்கும் தெரியாது.

சுவர் ஓரம் போய் ஜன்னல் கம்பியைத் தொட்டேன். கொதிக்கிற வெயிலில் அந்தக் கம்பி பாட்டோடு சேர்ந்து மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. “உள்ள யாரு?” என்று கேட்டேன். அந்த நொடியே பாட்டு நின்றது. (முடிகிற நேரம் வந்திருக்கும். அதை யோசிக்கும் நிலையில் டீச்சர் இல்லை. டீச்சர் அடுப்படிக்குள் ஓடிக்கொண்டிருந்தார்.)

என் கணவரிடம் சொல்லவில்லை. பகலில் மில் ஆபீஸுக்குப் போய்விடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மகள் தினமும் சாயங்காலம் போனில், “வேற ஒண்ணும் விசேஷம் இல்லையாம்மா?” என்று கேட்பாள். “ஒண்ணும் இல்லப்பா” என்பேன். கொடுத்ததை ஊருக்குத் தானம் பண்ணிவிட்டு எந்த வாயால் சொல்வது?

செவ்வாய்க்கிழமை என் கல்யாணத்தன்று மண்டபத்தில் ஒலித்த பாட்டு வந்தது. அன்று ஒரு கிராஃப் தாளை எடுத்து வரைந்தேன். கீழே நாட்கள், பக்கவாட்டில் என் வயது. ஐந்து, பத்து, பதினைந்து, இருபது, இருபத்தைந்து. கோடு ஸ்கேல் வைத்ததுபோல நேராக ஏறியது. ஒரு நாளைக்கு ஐந்து வருடம். அப்படியானால் பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, என் பிறந்தநாள், ஐம்பது. அதற்குமேல் தாளில் கட்டம் இல்லை. (நான் வாங்கிய தாள் சின்னது. அதையும் விதி என்றே எடுத்துக்கொண்டேன்.)

அடுத்த நான்கு நாளும் சொல்லிவைத்தாற்போல வந்தன. மகளுக்குத் தாலாட்டாகப் போட்ட பாட்டு. கணவர் காரில் திரும்பத் திரும்பப் போட்டுத் தேய்த்த சோகப் பாட்டு. மகள் ஆண்டுவிழாவுக்கு ஆடிப் பழகிய பாட்டு. அவள் கல்லூரியில் வைத்திருந்த ரிங்டோன். பயத்தோடு பயமாக இன்னொன்றும் உறைத்தது. முதல் ஐந்தும் என் பாட்டு. அதற்குப் பிறகு வந்தவற்றில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. உள்ளே இருப்பது எதுவானாலும், அதற்கு என்னை நன்றாகத் தெரிந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தலைக்குக் குளித்து, நல்ல சுங்குடிச் சேலை கட்டி, பீரோ சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் கணவரை உட்கார வைத்தேன். சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் அவர் மேடையேறிப் பாடுவார். முதல் கைதட்டு என்னுடையது. அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு போக எனக்கு மனமில்லை.

“என்னங்க, நீங்க பாடுறது எனக்குப் பிடிக்காது.”

“எந்தப் பாட்டு?”

“எல்லாப் பாட்டும்.”

“அப்ப கண்ணை மூடி ரசிச்சுக் கேட்டியே, அது?”

“மனசுக்குள்ள பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லிக்கிட்டு இருப்பேன். பதிமூணு பதினாறு இருநூத்தெட்டுங்கும்போது முடிச்சிருவீக.”

அவர் எழுந்துபோய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். ஏற்கெனவே ஊற்றிய செடிகள். அவர் முதுகைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. போகிறவள் மேல் எத்தனை நாள் கோபம் இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மணி பன்னிரண்டு. சுவர் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ‘டிங்’ இல்லை. பாட்டு இல்லை. பன்னிரண்டே கால். காகம்கூடக் கத்தவில்லை. என் காது அடைத்துவிட்டதா, இல்லை நான் ஏற்கெனவே போய்விட்டேனா என்று தொடையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன். அப்போது கையிலிருந்த போன் அலற, நாற்காலியோடு சாய்ந்தேன்.

யாழினி. அழுகிற குரல். “ஒம்போது நாளா லஞ்ச் பிரேக்ல இங்க இருந்து பாட்டுப் போட்டுவிடுறேன். சித்திகிட்ட ஒண்ணொண்ணா விசாரிச்சு எடுத்ததும்மா. ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? புடிக்கலையா?”

“நீ போட்டியா? அது கூப்பிட்டாத்தான பாடும்?”

“போன்ல இருந்தும் போடலாம்மா. ஸ்பீக்கர் எங்க இருக்கு?”

தரையில் கிடந்தபடியே, சாகப் போகிறேன் என்று பயந்தது உட்பட எல்லா உண்மையையும் சொன்னேன். அக்கா வீட்டில் நெட் கிடையாது. சுவரைத் தாண்டி எங்கள் வைஃபையைத்தான் கொடுத்திருந்தேன். அக்கா பிளக்கைப் பிடுங்காமல் போயிருக்கிறார். மகளின் போனில் அது எங்கள் வீட்டிலேயே இருப்பதாகத்தான் காட்டியிருக்கிறது.

“சரி, பத்தாவது பாட்டு ஏன் வரல?”

“இப்ப உனக்கு என்ன பாட்டுப் புடிக்கும்னு எனக்குத் தெரியலம்மா. சித்திக்கும் தெரியல. நீயே சொல்லு, போடுறேன்.”

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஒன்பது நாள் பயந்ததெல்லாம் ஒன்றுமில்லை. அப்போதுதான் நிஜமாகப் பயந்தேன்.

செடிப்பக்கம் நின்ற கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வந்து என்னைத் தூக்கி உட்கார வைத்து, “ஆக, நீ சாகல” என்றார். அந்தக் குரலில் நிம்மதி எவ்வளவு, வருத்தம் எவ்வளவு என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அடுத்த முகூர்த்தத்தில், சின்னாளப்பட்டி மண்டப மேடையில் மைக்கைப் பிடித்து அவரே ஊருக்குச் சொல்லிவிட்டார். “இந்தப் பாட்டு என் வீட்டம்மாவுக்கு. வாய்ப்பாடு தெரிஞ்சவுக கூடவே சொல்லலாம்.” அன்றிலிருந்து அவர் தொண்டையைச் செருமினால் போதும், சொந்தக்காரர் அத்தனை பேரும் ஒரே குரலில் “ஓர் பதிமூணு பதிமூணு” என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

காரில் ஏறினால் அவர் பாட்டைப் போடுவதில்லை. “உன் பாட்டைச் சொல்லு” என்கிறார். பத்தாவதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை மூன்று அகப்பட்டு, மூன்றும் அலுத்துவிட்டன. மேடையில் அவர் பாடும்போது நான் மட்டும் வாய்ப்பாடு சொல்வதில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல்முறையாக, முழுசாகக் கேட்கிறேன். நான் நினைத்ததைவிட மோசம்.