பட்டுப்புடவையில் ஷிஃப்டுக்கு வந்தவர்கள்

சொந்தக்காரர்களை நம்பி ஒரு காரியத்தில் இறங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் கேட்டதைச் செய்வார்கள். கேட்டதைவிட நன்றாகவே செய்வார்கள். காரியம் கெடுவது அங்கேதான்.

அப்போது நான் ஆம்பூருக்கு வெளியே, மெயின் ரோட்டை ஒட்டியிருந்த ஒரு ஷூ கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசர். சமூகப்பணி படித்துவிட்டு நேராக வந்து சேர்ந்திருந்தேன். (உலகத்தில் தீராத பிரச்சினை என்று எதுவும் கிடையாது, ஹெப்சி என்கிற நான் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான் என்று நம்பிய வயசு.)

கம்பெனி ரோட்டுக்கு இந்தப் பக்கம். பஸ் ஸ்டாப்பும், வேலை செய்கிற பெண்களில் பாதிப் பேர் குடியிருந்த காலனியும், எங்கள் சர்ச்சும் அந்தப் பக்கம். நடுவில் பெங்களூர் லாரிகள். காலையில் ஷிஃப்ட் தொடங்கும்போதும் சாயங்காலம் விடும்போதும் பெண்கள் கூட்டமாக நின்று, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, ஏதோ ஒரு நொடியில் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவார்கள். அப்படி ஓடும்போது தையல் செக்ஷன் சரளாவை ஒரு வேன் தட்டிவிட்டது. கால் எலும்பு முறிந்து வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பழமெல்லாம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மேடம், கால் சரியாகி வந்தாலும் அந்த ரோட்டைத்தான தாண்டணும்?"

கொண்டுபோன பழத்தில் ஒன்றை உரித்து அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

பதில் ஒரு வெள்ளைக்காரர் ரூபத்தில் வந்தது. எங்களிடம் ஷூ வாங்குகிற வெளிநாட்டு கம்பெனியிலிருந்து சோதனை போட வந்திருந்தார். ரோட்டைத் தாண்டுவதற்கு எங்கள் மேனேஜர் இக்பால் பாயின் முழங்கையைப் பிடித்தவர் இந்தப் பக்கம் வந்தும் கொஞ்ச நேரம் விடவில்லை. தங்கள் ஊரில் ஆள் தாண்டும் இடத்தில் கம்பம் நட்டு மஞ்சள் விளக்கு வைப்பார்கள், அது விட்டு விட்டு எரியும், தூரத்திலேயே வண்டிகள் வேகத்தைக் குறைக்கும், சோலார் என்பதால் கரண்ட்டே வேண்டாம் என்றார். கரண்ட் வேண்டாம் என்றதும் எங்கள் முதலாளியின் முகம் மலர்ந்தது. தமிழ்நாடு முழுக்க கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்த காலம் அது. கம்பெனி செலவிலேயே வைத்துவிடலாம், அரசாங்க அனுமதி மட்டும் வாங்கிவிடு என்றார். நானும் 'மட்டும்' தானே என்று கிளம்பினேன்.

போலீசில் கேட்டால், ரோட்டோரம் கம்பம் நடுவது நெடுஞ்சாலைக்காரர்கள் பாடு என்றார்கள். நெடுஞ்சாலை ஆபீசில், விளக்கு என்றால் மின்சார ஆபீசைக் கேளுங்கள் என்றார்கள். மின்சார ஆபீசில், எங்கள் கம்பியிலிருந்து கரண்ட் எடுக்கப் போவதில்லையே, சூரியன் எங்கள் கணக்கில் வராதும்மா என்று அனுப்பிவிட்டார்கள். (வேலூர் மாவட்டத்தில் வெயிலைப் பயன்படுத்த அனுமதி கேட்டு வெயிலிலேயே அலைந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.) கடைசியில் நெடுஞ்சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளர் ஒருவர் என்னை உட்காரச் சொல்லி, முழுசாகக் கேட்டார். ஒரு நாள் நேரில் வருகிறேன், நிஜமாகவே அவ்வளவு பேர் தாண்டுகிறார்களா என்று பார்த்துவிட்டு மேலிடத்துக்குச் சிபாரிசு செய்கிறேன் என்றார். ஆனால் மாசக் கடைசியில் தனக்கு மாற்றல் வருகிறது, அதற்குள் பார்த்தால்தான் உண்டு, பிறகு வருகிறவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார் என்றும் சொன்னார்.

இனி என் தம்பி டேனியலுக்கு வருவோம். அவனுக்கு வேலூரில் பெண் பார்த்து முடிவாகி, எங்கள் சர்ச் ஹாலில் நிச்சயதார்த்தம் வைத்திருந்தோம். பெண் பியூலா, டீச்சர். அவளுடைய அப்பா ஆசீர்வாதம் சார், ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். ஓய்வு அவருக்குத்தான், அவர் குரலுக்கு இல்லை. கூடவே அவர் தங்கை ரூபி அத்தை, பெரியப்பாக்கள், சித்திகள் என்று ஒரு பஸ் நிறைய ஆட்கள் காலையிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். பாஸ்டர் மத்தியானத்துக்கு மேல்தான் வருவதாக இருந்தது.

இக்பால் பாய் போன் செய்தார். நெடுஞ்சாலை சார் இன்னும் கொஞ்ச நேரத்தில் வருகிறாராம். நான் சந்தோஷப்படுவதற்குள் மீதியையும் சொன்னார். அன்றைக்கு எங்கள் ஏரியாவுக்கு பவர் ஹாலிடே, கம்பெனிகளுக்குக் கரண்ட் கிடையாது என்று அரசாங்கமே விட்ட லீவு. கம்பெனியில் வாட்ச்மேனைத் தவிர ஒரு ஈ காக்கா இல்லை.

"உண்மையச் சொல்லிடலாம் மேடம். இன்னிக்கு லீவு, நாளைக்கு வாங்கன்னு. இதுல இன்னா பேஜாரு?" என்றார் இக்பால் பாய்.

இந்த உலகத்திலேயே எளிமையான யோசனை அது. அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கு வாருங்கள் என்றால் அவர் வரவே மாட்டார், மாற்றலாகிப் போய்விடுவார், சரளா காலம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவாள் என்று என் மனசு ஒரு முழுப் படமே ஓட்டிவிட்டது. ஹாலுக்குள் எட்டிப் பார்த்தேன். காபி குடித்து முடித்துவிட்டு, செய்வதற்கு எதுவும் இல்லாமல், ஒரு பஸ் ஜனம் உட்கார்ந்திருந்தது.

ஆசீர்வாதம் சாரிடம் போய், ரோட்டில் விளக்கு வைப்பதற்காக ஒரு அதிகாரி வருகிறார், ஆட்கள் ரோட்டைத் தாண்டுவதை அவர் பார்க்க வேண்டுமாம், நீங்களெல்லாம் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்தால் பெரிய உதவியாக இருக்கும் என்றேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் நிறைய. பொதுக்காரியம் என்று கேட்டதும் அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கிளாஸ் எடுத்து ரொம்ப நாளான மனிதர்.

நான் கம்பெனி வாசலுக்கு வந்து நிற்கும்போது அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கம்பெனி கேட் பக்கத்தில் புங்கமரத்தடியில் இக்பால் பாய் நாற்காலி போட்டுவிட்டு, 'நான் எதிலும் இல்லை' என்கிற முகத்தோடு தள்ளி நின்றார். எதிர்ப் பக்கத்திலிருந்து எங்கள் சம்பந்தி வீட்டு ஜனம் புறப்பட்டது. நான் சொல்லிவைத்திருந்தபடி வாட்ச்மேன் கேட்டைத் திறந்து அவர்களை உள்ளே விட்டார். உள்ளே போனவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வேறு ஷிஃப்ட் போல வெளியே வந்து, திரும்பவும் அந்தப் பக்கம் போனார்கள்.

அதிகாரி ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு மெதுவாக, உங்கள் கம்பெனியில் எல்லாரும் பட்டுப்புடவையில்தான் வேலைக்கு வருவார்களா என்று கேட்டார். வெளிநாட்டுக்காரர்கள் அடிக்கடி வருவதால் நல்ல உடை உடுத்தச் சொல்லியிருக்கிறோம் என்றேன். என் தம்பி புது கோட்டு சூட்டில் வியர்த்துக்கொண்டு போனான். அவர் யார் என்றார். க்வாலிட்டி கன்ட்ரோல் என்றேன். ரூபி அத்தை நிச்சயதார்த்தத் தட்டை ஹாலில் வைத்துவிட்டு வர மனசில்லாமல், ஆப்பிளும் பூவும் ஜிகினாத் தாளுமாகக் கையில் ஏந்தியபடியே தாண்டினார். அதைப் பற்றி அவர் கேட்பதற்கு முன்பே, செக்ஷனில் ஒரு பெண்ணுக்குப் பிறந்த நாள் என்று சொல்லிவிட்டேன். (கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவளை யாரும் நம்ப மாட்டார்கள் என்பது இப்போது தெரிகிறது.)

இதெல்லாம்கூடத் தப்பித்திருக்கும். ஆசீர்வாதம் சார்தான் ஆளை அசத்திவிட்டார். முதல் தடவை தாண்டியபோதே அவருக்கு ஒழுங்கு போதவில்லை. அடுத்த தடவை எல்லாரையும் ரோட்டோரம் இரண்டிரண்டு பேராக நிறுத்தினார். வலது பக்கம் பாருங்கள், இடது பக்கம் பாருங்கள், மறுபடி வலது பக்கம் என்றார். பிறகு தான் மட்டும் முன்னே இறங்கி, உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார். சரக்கு லாரி நின்றது. பின்னால் வந்த சொகுசு பஸ் நின்றது. அந்தக் கையைப் பார்த்தால் ரயிலும் நின்றிருக்கும். வெள்ளை வேட்டியும் பட்டுமாக எங்கள் சம்பந்தி வீட்டார் அசெம்பிளிக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி அணிவகுத்துத் தாண்டினார்கள்.

அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். தான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இப்படி ஒரு ஜனத்தைப் பார்த்ததில்லை என்றார். ஏரியா முழுக்க இங்கே வந்து பாடம் படிக்க வேண்டும் என்றார். அதற்கப்புறம் சொன்னதில்தான் என் திட்டம் கவிழ்ந்தது.

"இவ்ளோ ஒழுங்கா தாண்டுற எடத்துக்கு லைட்டு எதுக்கும்மா? தேவையே இல்லியே."

இல்லை சார், வழக்கமாக மோசமாகத்தான் தாண்டுவார்கள், இன்றைக்கு மட்டும் என்று எதையோ உளறினேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. ஆசீர்வாதம் சாரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களே, நீங்கள் எந்த செக்ஷன் என்று கேட்டார்.

"செக்ஷனா? நான் பொண்ணோட அப்பா," என்றார் ஆசீர்வாதம் சார். "இன்னிக்கு நிச்சயதார்த்தம். அதுக்குத்தான் வந்திருக்கோம். உங்களுக்குச் சொல்லலையா?"

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். ஆசீர்வாதம் சாருக்கு விஷயம் புரிந்தது அவர் கண்ணிலேயே தெரிந்தது. பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்க்கும் பிள்ளையைப் பார்க்கிற பார்வை. என் தம்பியின் கல்யாணம் அந்தப் பார்வையில் ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. பூமி பிளந்தால் முதல் ஆளாக இறங்கியிருப்பேன். தோண்டினால்கூட அதற்கும் நெடுஞ்சாலைத் துறை அனுமதி வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரூபி அத்தை கம்பெனியிலிருந்து தனியாக வெளியே வந்தார். எல்லாரும் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, தான் மட்டும் ஹாலுக்குத் திரும்பிவிடலாம் என்று ரோட்டில் இறங்கினார். முன்னால் உயர்த்திய கை இல்லை. பாதி ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அத்தை நின்றார். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. இரண்டு பக்கமும் வண்டிகள் புடவையை உரசிக்கொண்டு போயின. தட்டு சாய்ந்து ஆப்பிள்கள் ஒவ்வொன்றாக உருண்டு டயருக்கடியில் போனதைப் பார்த்துக்கொண்டு, கத்தக்கூட முடியாமல் அப்படியே நின்றார். சரளாவை வேன் தட்டியதும் இதே இடத்தில்தான்.

ஓடியது அதிகாரிதான். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ரோட்டில் பாய்ந்து, ஒரு பஸ்ஸின் மூக்கு தன் சட்டைக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கும்வரை போய், அத்தையின் தோளைப் பிடித்து மெல்ல மெல்ல இந்தப் பக்கம் கூட்டிவந்தார். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அவர் பக்கத்தில் அதிகாரி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இக்பால் பாய் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பிறகு அதிகாரி சொன்னார்: "இவ்ளோ பேர்ல இந்தம்மா மட்டும்தான் நடிக்கல."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சரளாவிலிருந்து ஆரம்பித்து, மாற்றல் பயம் வரைக்கும். கேட்டுவிட்டு அவர் ஆசீர்வாதம் சாரிடம், உங்கள் பெண் கல்யாணமாகி இந்தப் பக்கம்தான் குடிவருகிறாளா என்று கேட்டார். ஆமாம், பஸ் பிடிக்க தினம் இங்கே நின்றுதான் தாண்ட வேண்டியிருக்கும் என்றார் சார். அவர் என்னைப் பார்த்த பார்வை கொஞ்சம் இளகியது.

கம்பெனி ஓடுகிற ஒரு சாயங்காலம் அதிகாரி மறுபடி வந்தார். யாருக்கும் சொல்லாமல் வந்து, டீக்கடையில் நின்று பார்த்துவிட்டுப் போனார் என்று வாட்ச்மேன் சொன்னார். மாற்றலாகிப் போவதற்கு முன் சிபாரிசு எழுதி அனுப்பியிருந்தார். சென்னை வரைக்கும் போய், யார் யாரிடமோ உட்கார்ந்து எழுந்து, அனுமதி வந்து சேர்ந்தபோது டேனியலுக்குக் கல்யாணமே முடிந்திருந்தது. கம்பம் நட்ட அன்றைக்குப் பகல் வெயிலிலேயே மஞ்சள் விளக்கு பளிச் பளிச்சென்று எரிந்தது. லாரிகள் உடனே நின்றுவிடவில்லை. வேகம் குறைந்தது, அதுவே பெரிசு. சரளா கைத்தடியோடு மறுபடி வேலைக்கு வந்த முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, கண்ணைத் திறந்துகொண்டே தாண்டினாள்.

சம்பந்தி வீட்டில் என்னை மன்னித்துவிட்டார்கள். மறக்கத்தான் மாட்டேன் என்கிறார்கள். அவர்கள் வீட்டில் என் பெயர் ஹெப்சி இல்லை, 'ஷிஃப்ட் மேடம்'. டேனியலை இன்றைக்கும் 'க்வாலிட்டி கன்ட்ரோல்' என்றுதான் மாமனார் அறிமுகப்படுத்துகிறார். போன மாசம் ரூபி அத்தையைக் கூப்பிட்டு, எங்கள் புது வீட்டு ஜெபத்துக்கு அவசியம் வர வேண்டும் என்றேன். அத்தை யோசித்துவிட்டு, "வர்றேன்மா. பட்டு கட்டிட்டு ஒருதரம் வந்தா போதுமா, இல்ல கொஞ்ச நேரம் போய்ப் போய் வரணுமா?" என்று கேட்டார்.