அரைப்படித் தவிடு

தூத்துக்குடி,
14-8-1976

ஜெர்மனி தேசத்து மடத்தில் சேவை செய்யும் மதிப்பிற்குரிய சிஸ்டர் கிளாடிஸ் அவர்களுக்கு, கூடப்பிறந்த அண்ணன் இனிகோ எழுதுவது. இங்கு நான், உங்கள் மைனி, இல்லத்துப் பிள்ளைகள் முப்பத்தொரு பேர், எல்லாரும் பனிமய மாதா தயவில் சுகம். திருவிழாக் கொடி இறங்கி எட்டு நாள் ஆகிறது. அந்த ஊர்க் குளிரில் தங்களுக்கும் மாதாவே துணை நிற்கட்டும். கன்னியாஸ்திரியை நீ, வா, போ என்று எழுதக்கூடாது என்கிறாள் மைனி. கூடியமட்டும் பார்க்கிறேன்.

இது இல்லத்து மதர் சொல்லி எழுதும் முறையீடு. நோயாளிப் பிள்ளைகளையும் யாருமற்ற பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள மூன்று மாதத்துக்கு என்று யோகான் என்ற தம்பியை அனுப்பி வைத்தீர்கள். தம்பி நல்லவர். வந்த வாரமே, கடற்காற்று உடம்புக்கு நல்லது என்று நடுமத்தியானத்தில் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்தான் முதுகெல்லாம் கொப்புளித்துக் குப்புறப் படுத்துவிட்டார். ஆறு நாள் அந்தப் பிள்ளைகளே எண்ணெய் தடவி, விசிறி வீசி அவரைப் பார்த்துக்கொண்டன. படுத்துக் கிடந்தபடியே அவர்களிடம் தமிழும் படித்துவிட்டார். அதனால் மதரை, சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல "ஏளா மதர்" என்றுதான் கூப்பிடுகிறார். மதர் பொறுத்துக்கொண்டார்கள்.

அப்புறம்தான் மெட்டில்டா காரியம். ரெண்டு வருஷத்துக்கு முன் துறைமுகத்து உப்பு மூட்டைகளுக்கு நடுவே கிடந்ததை நான் தூக்கி வந்தேன் என்று எழுதியிருந்தேனே, அந்தப் பிள்ளை. போன மாதம் அதற்கு மணல்வாரி அம்மை போட்டு, மார்ச்சளி கட்டி, மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. டாக்டர், இனிமேல் ஜெபம் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மதரோ பாளையங்கோட்டையில் தியானத்தில். அப்போதுதான் சமையல்காரி சுடலைமாடத்தி வந்தாள்.

"அண்ணாச்சி, பிள்ளையத் தவிட்டுக்கு வித்துருங்க. வேற ஆளு பிள்ளையாயிட்டுன்னா நோய்க்கு அடையாளம் தெரியாது, போயிரும். என்னையே அப்படித்தான் வித்தாவ."

"அதுக்குப் பெத்தவன்லா விக்கணும், ஏளா?"

"தூக்கிட்டு வந்தது நீங்கதான? அப்ப நீங்கதான் தகப்பன்."

தங்கச்சி, இது திருச்சபைக்கு ஒவ்வாத காரியம் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்ததனால்தான் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு விற்றேன். வாங்குவதற்கு வெளியாள் வேண்டும். யோகானைவிட வெளியாளுக்கு நான் எங்கே போவேன்? சுடலைமாடத்தி அரைப்படித் தவிட்டை அவர் கையில் கொடுக்க, அதை அவர் என்னிடம் கொடுக்க, நான் பிள்ளையை அவர் மடியில் போட்டேன். பிச்சம்மாள் என்று புதுப்பெயரும் வைத்தாயிற்று. பிள்ளை பிழைத்தால் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்வோம், அதுதான் முறை என்று விளக்கமாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மூன்று நாள் பிள்ளையை மடியைவிட்டு இறக்கவே இல்லை. நாலாம் நாள் காலையில் அது கண்ணைத் திறந்து, முதல் வேலையாக அவர் மூக்கைப் பிடித்து இழுத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெளியே போய் நின்றுகொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை, பிள்ளையை மீட்கலாம் என்று தவிட்டைப் போட்டு வைத்திருந்த டப்பாவைத் திறந்தால் தவிடு இல்லை. பரணில் வைத்திருந்ததை எப்படித்தான் கண்டுபிடித்தாரோ, யோகான் தின்று தீர்த்திருக்கிறார். வயிற்றுக்கு நல்லது என்று அவர் ஊரில் தவிட்டைப் பாலில் போட்டுத் தின்பார்களாமே, மெய்யா? தியானம் முடிந்து வந்திருந்த மதர் மில்லில் சொல்லி ஒரு மூட்டைத் தவிடே இறக்கினார்கள். சுடலைமாடத்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "வித்த தவிடுதான் திரும்பணும். வேற தவிட்டக் குடுத்தா நோயும் கூடவே திரும்பி வரும்" என்கிறாள். யோகானும் அதையே பிடித்துக்கொண்டார். மாசக் கடைசி மெட்ராஸ் ரயிலுக்குக் கட்டியிருந்த பெட்டியை அவிழ்த்துப்போட்டு, "ஏலே இனிகோ, என் பிள்ளைய உட்டுட்டு நான் எங்கலே போவேன்?" என்று மதர் முன்னாலேயே கேட்கிறார். எனக்கு வயது அறுபத்தாறு.

ஆகையால், உடனே புறப்பட்டு வரும்படி அங்குள்ள பெரியவர்கள் மூலம் அவருக்குக் கண்டிப்பான உத்தரவு அனுப்பவேண்டியது என்று மதர் கேட்டுக்கொள்கிறார்கள். இனி நீங்கள் அனுப்பும் ஆட்கள் தவிடு தின்னாதவர்களாக இருந்தால் நல்லது.

உனக்கு மாசிக் கருவாடு அனுப்பலாமா, மடத்தில் நாற்றம் என்பார்களா என்று மைனி கேட்கிறாள். ஜெபத்தில் எங்களை மறந்துவிடாதே. உன்னையும் உன் மடத்தையும் மாதா ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்வாளாக.

அண்ணன்,
இனிகோ

பி.கு.: மதர் மேலே உள்ளதை வாசித்து, சரி, ஒட்டுங்கள் என்றார்கள். ஒட்டுவதற்கு முன்னால் ஓரத்தில் எழுதுகிறேன். பரணிலிருந்து டப்பாவை இறக்கி, பாலும் சீனியும் பக்கத்தில் வைத்து, "உங்க ஊருச் சாப்பாடுதான தம்பி, சாப்பிடுங்க" என்று சொன்னது நான்தான். இன்னும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் சொல்லுகிறேன். உத்தரவு கித்தரவு ஒன்றும் அனுப்பிவிடாதே, ஏளா. எட்டு வருஷமாக இந்த வாசலில் காவலிருக்கிறேன். பிள்ளையைப் போட்டுவிட்டுப் போகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். தரமாட்டேன் என்று நிற்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன்.