யெர்கோவின் ராஜ்யத்துக்கு வைஃபை வந்த கதை

இந்த ஜூன் மாதம் முதல் தேதி நான் ஒரு சபதம் எடுத்தேன். யார் வந்தாலும் சரி, கொனோபாவை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

கோடை வந்தால் எங்கள் தீவில் அறையெல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகை; வீட்டுக்காரன் வீட்டில் இருக்கக் கூடாது. எங்கள் படுக்கையறை ஒரு ஜெர்மன் குடும்பத்துக்கு. கல்யாணமாகிப் போன மகளின் அறை இரண்டு செக் பெண்களுக்கு. மாடி ஒரு போலந்துக்காரருக்கும் அவருடைய டிரம்பெட்டுக்கும். என் மனைவி தோங்கா சமையலறை சோபாவில் படுத்துக்கொள்வாள். எனக்கு மிச்சம் கொனோபா, அதாவது வீட்டுக்கு அடியில் இருக்கும் கல் நிலவறை. நான்கு ஒயின் பீப்பாய், உப்பில் போட்ட மத்தி மீன், ஒரு மடக்குக் கட்டில். ராஜ வாழ்க்கை! ஒரே ஒரு குறை. சுவர் ஒரு மீட்டர் கனம். அதைத் தாண்டித் தோங்காவின் குரல் வரும், வைஃபை வராது.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எங்கள் நாட்டு அணியின் கால்பந்து ஆட்டம். டிவி சமையலறையில் இருக்கிறது. தோங்காவும் அங்கேதான் இருக்கிறாள். போன வருஷம் அங்கே உட்கார்ந்து பார்த்த லட்சணம் எனக்குத்தான் தெரியும். தலையணைக்கு உறை போட்டுக்கொண்டே இரண்டு கோலைக் காதால் கேட்டேன்.

வீட்டில் சும்மா கிடந்த ஒரு பழைய ரவுட்டரை வைத்துக் கொனோபாவுக்கு வைஃபை இழுக்கப் போகிற ரகசியத்தைப் பக்கத்து வீட்டு விட்ஸ்கோவிடம் மட்டும் சொன்னேன். அவன் இரண்டு கோடையாகத் தன் படகில்தான் படுக்கிறான். கேட்டால், "நல்ல காத்துப்பா" என்பான்.

"வைஃபையை வாங்கித் தள்ளி விடற ரிப்பீட்டர் ஒண்ணு கடையில வாங்கிப்போட்டா முடிஞ்சுது. எதுக்கு இந்தப் பழைய ரவுட்டரோட மல்லுக்கட்டற?"

"கடைக்காரி தோங்காவோட அத்தை பொண்ணு. நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள சேதி வந்துடும்."

"இந்த டப்பாவுல அந்த வசதி இருக்கா?"

"இல்ல. கம்பெனி போட்ட மென்பொருளைத் தூக்கிக் கடாசிட்டு, உலகத்துல வேலைவெட்டி இல்லாத புத்திசாலிங்க எழுதி இலவசமா குடுக்கறதை ஏத்தணும். அப்புறம் வீட்டு வைஃபையை இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் எறியும்."

"ஏத்தறப்ப கரன்ட் போனா?"

"செங்கல்."

"என்னது?"

"ரவுட்டர் செத்துடும். அதை வச்சு சுவர்தான் எழுப்பலாம்."

"உங்க வீட்லயா? சலவை மெஷினும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து ஓடினாலே ஃபியூஸ் போற வீடாச்சே!"

என் பயமும் அதுதான். வியாழக்கிழமை காலை, வேறு வழியில்லாமல் தோங்காவின் எதிரில் போய் நின்றேன். அவள் துண்டுகளை மெஷினில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"தோங்கா, அஞ்சே அஞ்சு நிமிஷம் மெஷினை நிறுத்தேன்."

"எதுக்கு?"

"முற்றத்துல உட்கார்ற விருந்தாளிங்களுக்கு வைஃபை சரியா வரலியாம். பாவம். நான் அதைச் சரி பண்றேன்."

நிமிர்ந்து பார்த்தாள். கோபம் வந்தால் அவள் என்னை "திருவாளர் யெர்கோ அவர்களே" என்று மரியாதையாகக் கூப்பிடுவாள். கூப்பிடவில்லை. மெஷினை நிறுத்தினாள். இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கினாள். நான் கேட்காமலே ஃப்ரிட்ஜையும் அணைத்தாள். காபி கூடக் கொண்டுவந்து வைத்தாள்! நான் ரவுட்டரைக் கணினியோடு இணைத்து மென்பொருளை ஏற்ற ஆரம்பித்தேன்.

"யெர்கோ, இது கீழ கொனோபா வரைக்கும் வருமா?"

"கொனோபாவுக்கா? அங்க மீனும் பீப்பாயும்தானே இருக்கு!" என்றேன், சிரமப்பட்டு. "ஆனா... வந்தாலும் வரும்."

"படம் பார்க்கலாமா?"

"தாராளமா!"

"ரெண்டு பேர் ஒரே நேரத்துல?"

"நாலு பேர் பார்க்கலாம்டி!"

கட்டிய மனைவி ஆசையாகக் கேட்கும்போது வாய் தானாக நீளும். போனைத் தட்டியபடியே இன்னொன்றும் கேட்டாள்.

"கொனோபா வெயில் காலத்துலயும் குளுகுளுன்னு இருக்கும், இல்ல?"

"குளுகுளுவா! மே மாசத்துலயே நான் போர்வை போத்திக்கறேன்."

திரையில் பட்டை நகர்ந்து நூறைத் தொட்டது. ரவுட்டரின் விளக்கெல்லாம் அணைந்தது. புனித நிக்கோலாவுக்கு இரண்டு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டேன். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது! நான் தோங்காவைத் தூக்கிச் சுற்றப் போனேன். முதுகு ஒத்துழைக்கவில்லை. கையைக் குலுக்கினேன்.

கொனோபாவில் கொண்டுபோய் வைத்தால் ஒன்றும் வரவில்லை. படிக்கட்டில் நின்றபடி தோங்கா சிரித்தாள்.

"நான் மாடியில பேசறது உன் காதுல விழுந்தாத்தானே நீ அதை விட்ஸ்கோகிட்ட சொல்ல முடியும்? அந்த டப்பாவுக்கே வைஃபை வரலைன்னா அது எதை வாங்கி எறியும்? படிக்கட்டு ஜன்னல்ல வை."

வைத்தேன். கொட்டியது வைஃபை! அதற்கு 'யெர்கோவின் ராஜ்யம்' என்று பெயர் வைத்தேன்.

"நல்ல பேரு," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மனசுல நிக்கும்."

மறுநாள் அவள் கொனோபாவைப் பெருக்கினாள். சுவருக்கு வெள்ளையடித்தாள். லாவண்டர் கொத்து தொங்கவிட்டாள். மடக்குக் கட்டில் போய் அகலக் கட்டில் வந்தது. இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு கவனிப்பை நான் பார்த்ததில்லை.

"எதுக்கு ரெண்டு தலையணை?" என்று கேட்டேன்.

"ஒண்ணு போதுமா?" என்று கேட்டாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சனிக்கிழமை ஐந்தரைக்குக் கணினியைப் பீப்பாய் மேல் வைத்தேன். உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையை மெலிசாகச் சீவினேன். ஒயின் ஒரு ஜாடி நிரப்பினேன். கதவு திறந்தது. தோங்கா. அவள் பின்னால் ஓர் இளம் ஜோடி. அவர்கள் பின்னால் இரண்டு பெட்டி.

"இவங்க ஸ்லோவேனியாவுல இருந்து வர்றாங்க."

"சந்தோஷம். எந்த அறை?"

"இதுதான்."

போனை நீட்டினாள். விளம்பரம். "யெர்கோவின் ராஜ்யம். பீப்பாய்களுக்கு நடுவே பழைய கல் நிலவறை. மே மாதத்திலும் போர்வை தேவைப்படும் குளிர்ச்சி. நான்கு பேர் ஒரே நேரத்தில் படம் பார்க்கும் வைஃபை." பெயர் மட்டும் பிறகு சேர்த்தது; மற்றதெல்லாம் பதிவான நேரம் வியாழன், காலை பதினொன்று பத்து. அப்போது என் ரவுட்டரில் மென்பொருள் பாதிகூட ஏறியிருக்கவில்லை!

"நீங்கதான் அந்த யெர்கோவா?" என்று அந்தப் பெண் துள்ளினாள். என்னைப் பீப்பாயோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டாள்.

"அப்ப நான் எங்க படுக்கறது?" என்றேன், தோங்காவின் காதில்.

"படகு இருக்கே. நல்ல காத்து."

தொடையும் ஒயினும் வரவேற்பு உபசாரமாக அங்கேயே தங்கிவிட்டன. கணினியை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு, வீட்டுக்கு நேர் கீழே கட்டியிருந்த என் படகில் இறங்கினேன். அடுத்த படகில் விட்ஸ்கோ.

"வந்துட்டியா?"

"அடப்பாவி, ரெண்டு வருஷமா காத்துக்காகத்தான் படுக்கறியா?"

"காத்துக்காகத்தான்," என்றான், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

படகில் வைஃபை சுத்தமாக இல்லை. கொனோபாவிலிருந்து "கோல்!" என்று ஸ்லோவேனிய ஜோடி கத்தியது. எங்கள் கோல், என் வைஃபை, என் தொடை! அழுகையே வந்துவிட்டது.

அப்போது தோங்கா கூடையோடு படகுத்துறைக்கு வந்தாள். உள்ளே ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒயின், அடியில் இன்னொரு பழைய ரவுட்டர்.

"விட்ஸ்கோ வீட்டுது. அவன் பெண்டாட்டிகிட்ட கேட்டு வாங்கினேன். கொனோபா ஜன்னல்ல வச்சா இங்க வரைக்கும் வரும். இடைவேளைக்குள்ள முடிச்சுடுவ இல்ல? மெஷினை நிறுத்திட்டுத்தான் வந்தேன்."

என்ன இருந்தாலும் என் தோங்கா! நான் ஜன்னலுக்கு ஓடினேன். மென்பொருளை ஏற்றினேன். பச்சை விளக்கு வந்தது. இரண்டாம் பாதி கண்ணாடி மாதிரி படகில் தெரிந்தது. இரண்டு கோல் அடித்து ஜெயித்தோம். நானும் விட்ஸ்கோவும் படகே கவிழ்கிற அளவுக்குக் குதித்தோம்.

"தோங்கா, நீ தங்கம்!" என்று கத்தினேன்.

அவள் துறை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். படகை முனையிலிருந்து முனைவரை நிதானமாகப் பார்த்தாள். போனைக் கையில் எடுத்தாள்.

"யெர்கோ, இதுல ரெண்டு பேர் காலை நீட்டிப் படுக்கலாமா?"