லிபியா பூட்டு மீட்ட படலம்

வாழி லிபியா! ஓசூர் பாகலூர்ச் சாலையில் ஒரு மாடியறையில், ரோஜாத் தோட்டத்து மணத்தையும் தொழிற்பேட்டைப் புகையையும் ஒரே மூக்கால் முகர்ந்தபடி, சுட்டெலி பற்றிய செங்கையும் சுருங்கிய புருவமும் திரைநோக்கிச் சிவந்த விழியுமாய் வீற்றிருந்த நிரல்குலத் திலகமே, வாழி! மலைமேல் அமர்ந்த சந்திரசூடேசுவரரும், நீ ஞாயிறுதோறும் மெழுகுவத்தி ஏற்றும் மாதாவும், மின்கம்பியில் குடியிருக்கும் பெயரறியாத் தெய்வங்களும், உன் பெருங்கதையை இடையில் அறுந்துபோகாமல் சொல்லி முடிக்க எமக்கு அருள்க!

அந்த மாடியில் கணினி நிரல் எழுதும் அலுவலகம் வைத்து ஆண்ட மன்னர், முதலாளி தங்கதுரை. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டுக் கோடையில் அவர் அத்திப்பள்ளி எல்லை கடந்து பெங்களூர் சென்று, குளிரூட்டிய மண்டபம் ஒன்றில் கோட்டணிந்த ஞானி ஒருவரின் பேருரையைச் செவிமடுத்து, மதிய விருந்தையும் குறைவற உண்டு, மறுநாள் வேறொரு மனிதராகத் திரும்பினார். திரும்பியவர் முழங்கினார்:

"இனிமே யாரு கம்ப்யூட்டர்லயும் எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம். பிரவுசரைத் தொறங்க, அதுலயே புரோகிராம் எழுதுங்க, அதுலயே சேவ் பண்ணுங்க. உலகமே அப்படித்தான் போகுது."

உலகம் போன வழியே அவ்வலுவலகமும் போயிற்று. அன்றுமுதல் அங்கே எழுதப்பட்ட ஒவ்வொரு வரியும், நோயாளியின் நாடிபோல் மெலிந்த ஓர் இணைய இணைப்பின் வழியே, எந்த நாட்டில் இருக்கிறதென்று எவரும் அறியாத ஒரு கணினிக்கு யாத்திரை போய், அதற்கு மனமிருந்தால் சேமிக்கப்பட்டது, மனமில்லையேல் முக்தியடைந்தது. போதாக்குறைக்குப் பூட்டு என்றொரு சட்டமும் உண்டு. ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்தால் அவர் பெயரில் பூட்டு விழும். அவராக மூடும்வரை மற்றவர் அதைக் கண்ணாரக் கண்டு களிக்கலாம். ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

இவ்வாறு முன்னேற்றம் பெருகி வழிந்த நாட்களில், ஒரு நண்பகல், போர்முரசு அதிர்ந்தது. அதாவது, தொலைபேசி அடித்தது. லிபியா எடுத்தாள். தொழிற்பேட்டை ஆலையொன்றின் வாயிலிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் பேசினார். அந்த ஆலையிலிருந்து வண்டி வெளியேற வாயிலில் காட்டும் சீட்டான கேட்பாஸை அச்சடிக்கும் புரோகிராம், லிபியாவின் அலுவலகம் செய்து கொடுத்தது.

"அம்மா, நம்ம பேரு நஞ்சுண்டப்பா. லோடு ஏத்தியாச்சு. கேட்பாஸ்ல நம்ம பேரு இருக்கற எடத்துல டப்பா டப்பாவா வந்திருக்குது. இது மனுசன் பேரான்னு செக்யூரிட்டி கேக்கறாரு. வண்டிய வுடமாட்டேங்கறாரு. சாயங்காலம் ஆயிட்டா பெங்களூருக்குள்ள லாரிய வுடமாட்டாங்கம்மா. இன்னிக்கு அங்க மக கொழந்தைக்குப் பேரு வைக்கறாங்க."

"லைன்லயே இருக்க வேண்டாங்க. பாத்துட்டு நானே கூப்பிடறேன்" என்றாள் லிபியா.

காரணம் அவளுக்குச் சட்டென்று விளங்கிற்று. பெங்களூர் லாரி ஆபீசில் யாரோ ஓட்டுநரின் பெயரைக் கன்னடத்தில் அடித்திருக்கிறார்கள். கேட்பாஸ் பக்கத்துக்குக் கன்னடம் தெரியாது. அப்பக்கத்தின் தலையில் ஒரே ஒரு வரியை மாற்றினால் அது கற்றுக்கொள்ளும். தும்மும் நேரத்தில் முடிகிற வேலை. அவள் நஞ்சுண்டப்பாவின் குரலை நெஞ்சிலேந்தி, விரல்களை நெட்டி முறித்து, பக்கத்தைத் திறந்தாள். திறந்த இடத்தில், கோட்டைக் கதவின் இரும்புத்தாழ் போல், பூட்டு. பூட்டின்மேல் ஒரு பெயர்: மாதவன்.

மதுரை மண் ஈன்ற மாதவனோ பக்கத்து நாற்காலியில் இல்லை. அவன் கணினி கடவுச்சொல் என்னும் அகழி சூழ்ந்து துயின்றது. அவன் கைப்பேசி மேசைமேலேயே கிடந்து, அவள் அழைக்க அழைக்க, நாதசுவரம் ஊதியது. லிபியா படிகளில் இறங்கினாள். வேட்டைக்கு இறங்கும் பெண்புலியென இறங்கினாள். துப்பட்டா கைப்பிடிக் கம்பியில் மாட்ட, அதையும் உருவிக்கொண்டு இறங்கினாள். டீக்கடை வாசலில் அவன் நின்றிருந்தான்.

"மாதவன், கேட்பாஸ் பக்கத்தை மூடாம வந்துட்டீங்க!"

"அதுவா? காலைல தொறந்தது. நான் அதுல ஒண்ணுமே பண்ணலையே."

"அதாங்க பிரச்சினை. வாங்க!"

டம்ளரோடு இழுத்துவரப்பட்ட மாதவன் பூட்டை அவிழ்த்தான். லிபியா வரியை மாற்றினாள். சேவ் என்னும் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு சக்கரம் தோன்றிச் சுழன்றது, சுழன்றது, அறுபதாண்டு உத்தியோகம் பார்த்தவர்போல் அலுத்துச் சுழன்றது. பின்பு திரை வாய்திறந்து, உன் நேரம் தீர்ந்தது, மறுபடி பெயர் சொல்லி உள்ளே வா என்றது. அவள் பெயர் சொல்லி உள்ளே போனாள். எழுதிய வரி காற்றோடு போயிருந்தது. அந்த இமைப்பொழுதில் புதிய பூட்டொன்றும் விழுந்திருந்தது: முனிலட்சுமி.

எதிர்நாற்காலியில், பேரிகை என்னும் ஊரிலிருந்து அண்மையில் வந்து வேலைக்குச் சேர்ந்த முனிலட்சுமி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ அக்கா, நீங்க எதுக்கு இப்படி ஓடறீங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னு தொறந்துட்டேன்."

"தெரிஞ்சுதா?"

"இல்லக்கா."

"அப்ப மூடு."

மூடினாள். லிபியா மறுபடியும் வரியை மாற்றி, மூச்சடக்கி, சேவ் மீது கைவைத்த அந்தக் கணத்தில், ஓசூரின் அப்பகுதி முழுவதும் மின்சாரம் போயிற்று.

யு.பி.எஸ். இருந்ததால் கணினிகள் உயிரோடிருந்தன. இணையத்தைக் கொண்டுவரும் மோடமோ விளக்கெல்லாம் அணைந்து சவமாய்க் கிடந்தது. அதற்கு யு.பி.எஸ்.ஸில் இடமில்லை. ஏனெனில் அங்கே எஞ்சிய ஒரே துளையில், வாஸ்து நிபுணரின் ஆணைப்படி, மன்னரின் மீன்தொட்டிக்குக் காற்றூதும் கருவி செருகப்பட்டிருந்தது. கொழுத்த பொன்மீன்கள் இரண்டு, உலகம் போகும் போக்கைப் பற்றிக் கவலையின்றி அதில் நீந்திக்கொண்டிருந்தன.

லிபியா எழுந்தாள். யானைக்கூட்டம் நடுவே நடக்கும் தனிவீரனின் நடை நடந்து, மீன்தொட்டியின் ஒயரைப் பற்றி, ஒரே இழுப்பில் பிடுங்கினாள்.

"ஏம்மா! ஏம்மா! மீனு செத்துரும்மா!" என்று அலறினார் தங்கதுரை.

லிபியா பிரகடனம் செய்தாள்:

"மீனுக்குத் தண்ணி இருக்குது சார், கொஞ்ச நேரம் தாங்கும். அங்க ஒரு மனுசன் பேரில்லாம வெயில்ல நிக்கறாரு."

காலியான துளையில் அவள் செருகியதும் மோடம் கண்விழித்தது. மன்னரோ இளநீர் உறிஞ்சும் குழாய் ஒன்றைத் தேடியெடுத்து, தொட்டியின் மேல் குனிந்து, தம் சொந்த மூச்சை மீன்களுக்கு ஊதினார். குமிழி எழுந்தது. அறையின் மறுமுனையில் லிபியா சேவ் பொத்தானை அழுத்த, சக்கரம் சுழன்றது. இருபெரும் சக்திகளின் இடையே மாதவனும் முனிலட்சுமியும், எதையும் தொடக்கூடாது என்ற கட்டளைப்படி, கைகட்டி நின்றனர். மன்னரின் முகம் சிவந்து நீலம் பாய்ந்த வேளையில், திரையின் ஓரத்தில் சிறு பச்சைக்கீற்று மின்னியது. வரி சேமிக்கப்பட்டுவிட்டது.

லிபியா ஆலைவாயிலுக்குப் போன் போட்டாள். அங்கே அச்சு எந்திரம் கரகரக்கும் ஓசை கேட்டது. பின்பு நஞ்சுண்டப்பாவின் குரல்:

"வந்துச்சும்மா! நஞ்சுண்டப்பான்னு முத்துமுத்தா வந்துச்சு! வரேம்மா, வரேன்!" லாரி உறுமும் ஒலியோடு தொடர்பு அறுந்தது.

தங்கதுரை தாடையில் வழிந்த நீரைத் துடைத்து, அவையை நோக்கி நிமிர்ந்தார்.

"பாத்தீங்களா? அதான் பிரவுசர்! பழைய மாதிரி இருந்திருந்தா, இவ்வளவு சீக்கிரம் முடிஞ்சிருக்குமா?"

விண்ணவர் பூமாரி பொழியவும், திசையானைகள் துதிக்கை தூக்கவும், எழுகடலும் எழுந்து ஆர்ப்பரிக்கவும், பூட்டு மீட்ட புலிமகள், நிரல்குலத் திலகம், வெற்றித்திருமகள் லிபியா தன் இருக்கைக்கு மீண்டாள்.

காலையில் கட்டிக்கொண்டு வந்த சப்பாத்தி காய்ந்துபோயிருந்தது.