சமச்சீர்ப் பாடமும் என் மீசையும்

அன்புள்ள கணக்கு டீச்சர் தங்கச்சிக்கு, அண்ணன் எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அனைவரும் நலம், என் முகத்தைத் தவிர.

"கணக்கே வேணாம், பரீட்சைக்குப் போக மாட்டேன்" என்று என் மகள் வாண்டு அடம்பிடித்தபோது, "உன் வகுப்புதானே, எதையாவது செய்" என்று உன் காலில் விழாத குறையாகக் கெஞ்சியது நான்தான். அதற்காக இப்படியா? "பெரியவளானதும் என்ன ஆகப் போறே?" என்று கேட்டாயாம். "முடி வெட்டுற கடை வைப்பேன் அத்தை" என்றாளாம். உடனே நீ, "அப்படின்னா சமச்சீர்ப் பாடம் உனக்குத்தான்டி! நடுவுல கோடு போட்டா ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்கணும்" என்றாயாம். யார் முகத்திலும் செய்து பார்க்காதே என்று கூடவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

ஞாயிறு மதியம் சோபாவில் அசந்துவிட்டேன். விழித்தால் உதட்டுக்கு மேல் சில்லென்று காற்று. தூக்கிவாரிப் போட்டது! மூக்கின் நடுவே பேனாக் கோடு. எதிரே ஸ்கேலும் கத்திரிக்கோலுமாக வாண்டு. "இடது பக்கம் கூடுதலா இருந்துச்சுப்பா, குறைச்சேன். அப்புறம் வலது பக்கம் கூடிடுச்சு." "அப்புறம்?" "கடைசியில ரெண்டும் சரியாயிடுச்சு." ஆமாம், பூஜ்யமும் பூஜ்யமும் சரிதானே! "தப்பு என்மேல இல்லப்பா, உங்க மூக்குதான் கோணல்" என்று தீர்ப்பு வேறு. உன் அண்ணி சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துப் படுத்துவிட்டாள்.

பஸ்ஸில் என் டிக்கெட் பரிசோதகர் வேலையில் பாதியை அந்த மீசைதானே பார்த்தது! மறுநாள் பஸ்ஸில் ஏறி "டிக்கெட்?" என்று அதட்டினேன். ஒரு பெரியவர், "கண்டக்டர் பின்னாடி நிக்கிறாரு, அவர்கிட்ட வாங்கிக்கப்பா" என்கிறார்! கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். எனக்கு இனி மண் ஒட்ட இடமே இல்லை.

ஆகையால் எதிர்காலம், கனவு என்று பேசுவதை இன்றோடு நிறுத்து. பழையபடி வாய்ப்பாடு ஒப்பிக்க வை, தப்பாகச் சொன்னால் பெஞ்சு மேல் ஏற்று. மாப்பிள்ளைக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
முகம் காட்ட முடியாத அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது, நீ திருத்திக் கொடுத்த விடைத்தாளோடு வாண்டு ஓடி வந்தாள். கணக்கில் பாஸ், முதல் தடவையாக! எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. அடுத்தது பின்னப் பாடமாமே? தலையில் இன்னும் கொஞ்சம் முடி இருக்கிறது. துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.